விண்டேஜ்: எந்த வருஷத்துச் சரக்கு?

ஞாயிற்றுக்கிழமை லண்டனின் பிரிக் லேன் பக்கம் போனால், திரும்பிய இடமெல்லாம் 'விண்டேஜ்' என்ற பலகை கண்ணில் படும். பழைய ட்ரூமன் மது ஆலைக் கட்டடத்தின் நிலவறையில் ஒரு சந்தையே நடக்கிறது. பூப்போட்ட கவுன், தோள்பட்டை தூக்கிய கோட்டு, காலடியில் விரியும் பெல்பாட்டம் எல்லாம் வரிசையாகத் தொங்கும். நம் ஊர்க் கண்ணுக்கு அத்தனையும் யாரோ போட்டுக் கழித்த துணி. விலையைப் பார்த்தால் சிலது புதுசை விட அதிகம்! அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் துணியில்? பாதி விடை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது.

இலத்தீனில் 'வினும்' என்றால் திராட்சை மது, 'டெமெரே' என்றால் எடுத்தல், கொய்தல். இரண்டும் சேர்ந்து 'விண்டெமியா', அதாவது திராட்சை அறுவடை. அது பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துக்கு வந்து 'விண்டேஜ்' ஆனது. முதலில் அறுவடையை மட்டும் குறித்தது. அப்புறம் ஓர் ஆண்டின் அறுவடையில் இறக்கிய மதுவையும், பிறகு அந்த ஆண்டையும் குறித்தது. மழையும் வெயிலும் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால் மதுவின் ருசியும் மாறும். ஆகவே புட்டியைக் கையில் எடுப்பவர் கேட்கும் முதல் கேள்வி, 'எந்த வருஷத்துச் சரக்கு?' நம் பேச்சு வழக்கில் சரக்கு என்ற சொல்லுக்கு மது, விற்பனைப் பொருள் என்று இரண்டு அர்த்தமும் இருப்பது நல்ல வசதி.

ஆக, விண்டேஜ் என்பதன் கரு 'பழசு' அல்ல, 'இன்ன காலத்தது' என்பது. பழசு என்ற நிழல் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. துணிக்கு முன்பே கார்களுக்கு இந்தச் சொல் போய்விட்டது. பிரிட்டனில் 1934இல் தொடங்கிய விண்டேஜ் ஸ்போர்ட்ஸ் கார் சங்கம், 1930 முடிவதற்குள் செய்த வண்டிதான் விண்டேஜ் என்று கோடு போட்டுவிட்டது.

பழைய துணி வியாபாரம் லண்டனுக்குப் புதிதல்ல. பிரிக் லேனிலிருந்து சற்று நடந்தால் வரும் பெட்டிகோட் லேன், அதாவது உள்பாவாடைச் சந்து, நூற்றாண்டுகளாகப் பழைய துணி விற்ற இடம். 1830 வாக்கில் தெருவின் பெயரை மிடில்செக்ஸ் தெரு என்று மாற்றினார்கள். மக்கள் இன்னும் பாவாடையை விடவில்லை. ஆனால் அங்கே வாங்கியவர்கள் காசில்லாமல் வாங்கினார்கள். ஆசைப்பட்டு வாங்கும் பழக்கம் பரவியது 1960களில். 1966இல் கிங்ஸ் ரோட்டில் 'கிரானி டேக்ஸ் எ ட்ரிப்' என்ற கடை திறந்து, பாட்டி காலத்து உடைகளை இளசுகளுக்கு விற்றது. போர்ட்டபெல்லோ ரோட்டில் இன்னொரு கடை பழைய ராணுவச் சீருடைகளை விற்றது. கிட்டார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போட்ட, சரிகைப் பின்னல் வைத்த குதிரைப்படைக் கோட்டு அங்கே வாங்கியது என்பார்கள்.

சரி, ஒரு கவுன் எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கழுத்துக்குப் பின்னால் புரட்டிப் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் துணிக்கு ரேஷன் போட்டபோது, சிக்கன விதிகளின்படி தைத்த உடைகளில் 'சிசி41' என்று ஒரு முத்திரை வைத்தார்கள். அந்த முத்திரை ஏற்பாடு 1941 முதல் 1952 வரை இருந்தது. முத்திரை இருந்தால் காலம் கையில் கிடைத்துவிட்டது. அளவும் காட்டிக்கொடுக்கும். 14 என்று போட்ட பழைய கவுன் இன்று 10 போடுகிறவருக்கே சிக்கென்று இருக்கும். உடம்பு பெருக்கப் பெருக்க, கம்பெனிகள் அளவு எண்ணைக் குறைத்து நம்மைச் சந்தோஷப்படுத்துகின்றன.

இந்த வேட்டையில் நம் ஊர்ச் சரக்கும் உண்டு. 1960களின் மெட்ராஸ் கட்டம் போட்ட சட்டைக்கும் கோட்டுக்கும் அமெரிக்க விண்டேஜ் கடைகளில் தனி மவுசு. இயற்கைச் சாயம் ஏற்றிய நூலைக் கைத்தறியில் நெய்த துணி அது. துவைத்தால் சாயம் இறங்கும், கட்டங்கள் ஒன்றோடொன்று கலக்கும். நம்மிடம் சாயம் போனால் கடைக்காரர் சட்டையைப் பிடிப்போம். அங்கே 'சாயம் போகும், உத்தரவாதம்' என்று விளம்பரம் செய்தே விற்றார்கள். ஒவ்வொரு சலவையிலும் புதுத் தோற்றம் வரும் என்பது அவர்கள் வாதம். அந்த மங்கல்தான் இன்று அந்தத் துணியின் வயசுச் சான்று.

இனி தமிழுக்கு வருவோம். விண்டேஜ் உடையைத் தமிழில் எப்படிச் சொல்வது? 'தொன்மை உடை' என்றால் கீழடிக்குப் போய்விடுகிறோம். 'பழந்துணி' என்றால் கரித்துணி நினைவுக்கு வருகிறது. 'கந்தை', 'சிதார்' இரண்டும் கிழிசல். பழைய அரிசிக்கும் பழம்புளிக்கும் மதிப்புக் கொடுக்கும் தமிழ், துணியை மட்டும் அந்தப் பந்தியில் உட்கார வைக்கவில்லை. ஒரே விதிவிலக்கு பட்டு. அசல் சரிகையில் வெள்ளி இருப்பதால் பழைய பட்டுப்புடவை வாங்க ஆள் தெருவுக்கே வருவார். ஆனால் அவருக்கு வேண்டியது வெள்ளிதான், புடவையின் காலம் அல்ல.

பாட்டியின் புடவையைப் பெட்டியிலிருந்து எடுக்கும்போது வீட்டில் என்ன சொல்கிறோம்? 'இது அந்தக் காலத்துப் பட்டு.' அந்தப் பேச்சில் காலமும் இருக்கிறது, பெருமையும் இருக்கிறது. விண்டேஜ் உடைக்கு 'அக்கால உடை' என்பதே என் தேர்வு. குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'அறுபதுகளின் உடை' என்று ஆண்டையே முன்னால் வைக்கலாம். மதுவுக்கு இது சரிவராது, அங்கே 'விளைச்சல் ஆண்டு' என்பதே பொருத்தம்.

ரெட்ரோ வேறு. பழைய பாணியில் இன்று தைத்த புதுத்துணி அது, தமிழில் 'பழம்பாணி'. போன மாசம் தைத்த பெல்பாட்டத்தை அக்கால உடை என்று விற்றால் அது பொய். ஆன்டிக் என்பதற்குத் 'தொல்பொருள்' இருக்கிறது, பொதுவாக நூறு வயசு ஆகியிருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டுக்குக் 'கைமாறிய உடை' போதும், அதற்கு வயசு வரம்பே இல்லை. நேற்று வாங்கி இன்று விற்றாலும் கைமாறியதுதான்.