பழைய பிக்கப் வாங்கும் முன்: ஆர்.சி., எஃப்.சி., பெயர்மாற்றம்

பத்துப் பன்னிரண்டு வயதான டாடா ஏஸோ பொலேரோ பிக்கப்போ தோஸ்தோ வாங்கப் போகிறவர், தெரிந்த மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டுதான் போகிறார். நல்லதுதான். ஆனால் காய்கறி லோடு அடித்துப் பிழைக்கலாம் என்று கடன் வாங்கி வண்டி எடுத்தவர்கள் அதை வீட்டு வாசலில் நிறுத்திவைத்துத் தவணை கட்டுவதற்குப் பெரும்பாலும் காரணம் இன்ஜின் இல்லை, பேப்பர். இன்ஜின் போனால் பட்டறையில் பிரித்துப் பூட்டிக்கொள்ளலாம். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றில், உள்ளவர் எங்கே என்றே தெரியாவிட்டால் எந்த அலுவலகமும் உங்களுக்கு வழி சொல்லாது.

சட்டம் சுருக்கமானது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர்மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். விற்றவருக்குப் படிவம் 29, வாங்கியவருக்குப் படிவம் 30. விண்ணப்பம் அரசின் பரிவாகன் இணையதளத்தில். இவ்வளவுதான் விதி. சிக்கலெல்லாம் இதற்கு வெளியே இருக்கிறது.

முன்பணம் கொடுக்கும் முன் வண்டி எண்ணை எம்பரிவாகன் செயலியில் போட்டுப் பாருங்கள். எஃப்.சி. (தகுதிச் சான்று) எந்தத் தேதி வரை, இன்சூரன்ஸ் எதுவரை, வரி எதுவரை, பைனான்ஸ் பெயர் இருக்கிறதா, கறுப்புப் பட்டியலில் உள்ளதா என்பதெல்லாம் தெரியும். இ-செலான் தளத்தில் தனியாக அபராத பாக்கி பாருங்கள். பாக்கி நிற்கும் வண்டிக்குப் பெயர்மாற்றம் பாதியில் நின்றுவிடும். "அதெல்லாம் நம்ம ஆள் பார்த்துக்குவார்" என்று விற்பவர் சொன்னால், பார்த்து முடித்த பிறகு முன்பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள். விற்க நினைப்பவர் முடித்துக்கொண்டு வருவார்.

அதிகம் பேர் விழும் பள்ளம் எஃப்.சி. சரக்கு வண்டிக்கு 8 வயது வரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தகுதிச் சான்று. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும். சட்டத்தின் 56-வது பிரிவுப்படி எஃப்.சி. இல்லாத போக்குவரத்து வண்டி பதிவே இல்லாத வண்டிக்குச் சமம். "நான் வாடகைக்கு ஓட்டவில்லை, என் தோட்டத்துக்குத்தான்" என்பது செல்லாது. ஆர்.சி.யில் சரக்கு வண்டி என்று இருந்தால் சொந்த நெல்லை ஏற்றினாலும் மஞ்சள் போர்டுதான், வருடா வருடம் எஃப்.சி.தான். வாங்கிய பிறகு வெள்ளை போர்டாக மாற்றிக்கொள்ளலாம் என்று தரகர் சொன்னால் நம்பாதீர்கள்.

எஃப்.சி. முடிந்து கிடக்கும் வண்டி மலிவாக வரும். காரணம் இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதி 81-இன் கட்டண அட்டவணையில், காலாவதியான ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம். 400 நாள் நின்ற வண்டிக்கு அது மட்டுமே 20,000 ரூபாய். அதோடு வண்டிக்கு வயது ஏற ஏற எஃப்.சி. கட்டணமும் ஏறுகிறது, 15 வயது தாண்டியவற்றுக்கு ஏற்றம் பெரிது. இதற்கு மேல் டிங்கரிங், பெயின்ட், டயர், பட்டை (ஸ்பிரிங் தகடு) வேலை. 7 வயது கடந்த போக்குவரத்து வண்டிக்குத் தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. மலிவாகத் தெரிந்த விலையில் இவற்றைக் கூட்டிப் பாருங்கள். எஃப்.சி.யை விற்பவரே எடுத்துத் தரட்டும் என்று கேட்பதுதான் பாதுகாப்பு. மறுத்தால், அந்த வண்டி சோதனையில் தேறாது என்று அவருக்கே தெரிந்திருக்கக்கூடும்.

தேறாமல் போகும் காரணங்களை நீங்களே பார்க்கலாம். சேஸிஸ் எண்ணைத் துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். துரு தின்று ஓரிரு எழுத்து போயிருந்தால் அந்த வண்டி வேண்டாம். மீன், உப்பு, உரம் ஏற்றிய வண்டிகளில் இது அடிக்கடி நடக்கும். பின்பக்கப் பட்டை மாட்டும் இடத்தில் சேஸிஸில் வெல்டிங் தழும்பு இருந்தால் அளவுக்கு மீறி லோடு அடித்த வண்டி. இன்ஜின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகிறதா பாருங்கள். வேறு வண்டியின் இன்ஜினை வைத்துவிட்டு ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டவர்கள் நிறைய. பாடியும் அப்படித்தான்: ஆர்.சி.யில் ஓப்பன் பாடி என்று இருந்து, நேரில் மூடிய கூண்டு நின்றால் 52-வது பிரிவுப்படி அது அனுமதி பெறாத மாற்றம். பிரேக் இன்ஸ்பெக்டர் திருப்பி அனுப்புவார், கூண்டை அறுக்கும் செலவு உங்களுடையது.

அடுத்தது ஹெச்.பி., அதாவது வண்டிமேல் கடன் உண்டு என்று ஆர்.சி.யில் ஏற்றிய பதிவு. கடனை எப்போதோ கட்டி முடித்திருப்பார்கள், ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் அப்படியே இருக்கும். 51-வது பிரிவுப்படி, அந்த நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ சம்மதம் இல்லாமல் பெயர்மாற்றப் பதிவே செய்ய முடியாது. கடன் முடிந்த கடிதம் கையில் இருந்தாலும் போதாது; படிவம் 35-இல் நிறுவனத்தின் கையெழுத்தும் முத்திரையும் வேண்டும். அந்தக் கிளையை மூடியிருப்பார்கள், நிறுவனம் இன்னொன்றோடு இணைந்திருக்கும், தலைமை அலுவலகம் சென்னைக்கு வா என்னும், ஆர்.டி.ஓ. அலுவலகம் கடிதத்தின் தேதி பழையது, புதிதாக வாங்கி வா என்னும். கடனைக் கட்டியது ஒருவர், அலைவது இன்னொருவர். இந்த அலைச்சலை ஏற்காதீர்கள். கடன் வாங்கியவர் பெயரில்தான் நிறுவனம் பேசும். வாங்குபவரான உங்களிடம் பேசவே பேசாது. ஹெச்.பி. நீக்கிய ஆர்.சி.யைக் காட்டிய பிறகுதான் பேச்சு.

தவணை கட்டாமல் சீஸ் செய்த வண்டி என்றால் இன்னொரு கேள்வி: ஆர்.சி. பைனான்ஸ் நிறுவனத்தின் பெயருக்கு மாறிவிட்டதா? அதற்குப் படிவம் 36. மாறாமல் உங்களுக்கு விற்றால், வண்டியைப் பறிகொடுத்த பழைய ஓனரின் பெயரிலேயே எல்லாம் கிடக்கும். அவர் உங்களுக்கு ஏன் கையெழுத்துப் போட வேண்டும்?

கன்சல்டிங்கில், அதாவது பழைய வண்டி விற்கும் கடையில், கிடைக்கும் "சைன் போட்ட ஃபார்ம்" அதைவிட மோசம். முதல் ஓனர் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்திருப்பார். அதே தாளோடு வண்டி இரண்டு மூன்று கை மாறியிருக்கும். நீங்கள் விண்ணப்பிக்கும்போது ஓ.டி.பி. யாருக்குப் போகும்? பதிவில் உள்ளவரின் கைபேசிக்கு. அவர் எண்ணை மாற்றியிருப்பார், கையெழுத்தும் ஒத்துப்போகாது. ஆர்.சி.யில் உள்ளவர் நேரில், ஆதார் அட்டையோடு, உங்கள் எதிரில் கையெழுத்திடாவிட்டால் வாங்காதீர்கள். அவர் வரத் தயங்கினால் ஒன்றைச் சொல்லுங்கள்: வண்டியை விற்றுவிட்டாலும் பதிவில் பெயர் இருக்கும்வரை விபத்து இழப்பீட்டுக்குப் பதிவு ஓனரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருக்கிறது. அதைக் கேட்ட பிறகு பெரும்பாலும் வருவார். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அலுவலகத்தின் அங்கீகாரச் சான்று வைத்திருக்க வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. சான்றைக் கேளுங்கள்.

ஓனர் இறந்துவிட்டார், மகன் விற்கிறார் என்றால், முதலில் வண்டி மகன் பெயருக்கு மாற வேண்டும். படிவம் 31, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம். "அண்ணன் வெளிநாட்டில் இருக்கார், வந்ததும் போட்டுத் தருவார்" என்பதை நம்பிப் பணம் கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

என்.ஓ.சி. என்னும் தடையில்லாச் சான்றிலும் வீண் அலைச்சல் உண்டு. 48-வது பிரிவு விற்பனைக்கு என்.ஓ.சி. கேட்பது வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டிக்கு. தமிழ்நாட்டுக்குள்ளேயே மாறும் வண்டிக்குக் கவுன்டரில் கேட்டால், எந்த விதிப்படி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். புதுச்சேரி, கர்நாடகப் பதிவு வண்டி என்றால் என்.ஓ.சி.க்கான படிவம் 28 கட்டாயம். இங்கே மறுபதிவும் வரியும் தனி. விலை வித்தியாசம் அதிலேயே கரைந்துவிடும்.

பெர்மிட் பற்றிப் பயமுறுத்துவார்கள். ஆர்.சி.யில் மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேற்படாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை. அதற்கு மேல் என்றால் பெர்மிட்டும் உங்கள் பெயருக்கு மாற வேண்டும். லைசென்ஸுக்கும் பயம் வேண்டாம்: 7,500 கிலோ வரை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸே போதும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு உறுதி செய்துவிட்டது.

இன்சூரன்ஸைத் தள்ளிப்போடாதீர்கள். வண்டி கை மாறியதும் மூன்றாம் நபர் காப்பு உங்களோடு வரும். உங்கள் வண்டிச் சேதத்துக்கான காப்பு தானாக வராது. 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதிப் பெயரை மாற்றுங்கள். 2022 ஜூனில் நிர்ணயித்த விகிதத்தில், 7,500 கிலோவுக்கு உட்பட்ட, வாடகைக்கு ஓடும் சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் வருடத்துக்கு 16,049 ரூபாய், வரி தனி. வண்டி எவ்வளவு பழையதானாலும் இது குறையாது. மாதத்தில் நாலு லோடுதான் என்றால் சொந்தமாக வாங்குவதைவிட வாடகை வண்டியே மேல்.

விலை பேசும்போதே ஒரு பகுதியை நிறுத்திவையுங்கள். அதைப் பத்திரத்தாளில் எழுதி, ஒப்படைத்த தேதியும் நேரமும் போட்டு இருவரும் கையெழுத்திடுங்கள். அந்தத் தொகை பழைய அபராதமும் வரி பாக்கியும் சேர்ந்தாலும் தாங்கும் அளவு இருக்கட்டும். புது ஆர்.சி. இப்போது ஸ்பீடு போஸ்ட்டில்தான் வருகிறது. விண்ணப்பத்தில் உங்கள் முகவரியும் உங்கள் கைபேசி எண்ணும் இருக்கட்டும். தரகரின் எண்ணைப் போட விடாதீர்கள். முகவரி பிழையானால் கார்டு அலுவலகத்துக்கே திரும்பிவிடும். உங்கள் பெயர் அச்சான ஆர்.சி. கைக்கு வந்த அன்று மீதிப் பணத்தைக் கொடுங்கள்.