ஒரு நிமிடத்தில் வெளுக்கும் திட்டு

கருப்பைவாய்ப் புற்றுநோய் மெதுவாக வளரும் நோய். அதை உண்டாக்கும் எச்பிவி வைரஸ் தொற்றியவர்களில் பெரும்பாலோருக்கு அது தானாகவே போய்விடும். போகாமல் தங்கினாலும், புற்றாக முற்ற வழக்கமாகப் பத்து, இருபது ஆண்டுகள் பிடிக்கும். அத்தனை ஆண்டுகளும் வலி இருக்காது, ரத்தப்போக்கு இருக்காது. ஒரு தொந்தரவும் இல்லாதவர் எதற்காக டாக்டரைப் பார்க்கப் போகிறார்? அவரை நாமாகக் கூப்பிட்டுப் பார்ப்பதுதான் ஸ்கிரீனிங்.

கருப்பைவாய்ச் செல்களைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும் பாப் ஸ்மியர் இதற்கென்றே வெகுகாலமாக இருக்கிறது. ஆனால் அதற்கு ஆய்வகம் வேண்டும், ஸ்லைடைப் படிக்கத் தெரிந்தவர் வேண்டும், முடிவு வந்ததும் அந்தப் பெண் மறுபடி வர வேண்டும். கூலி வேலையை விட்டுவிட்டு வருபவருக்கு அந்த இரண்டாவது நடைதான் கஷ்டம்.

வினிகர் சோதனை இந்த நடையை மிச்சப்படுத்துகிறது. 3 முதல் 5 சதவீத அசிட்டிக் அமிலத்தைக் கருப்பைவாயில் தடவி, ஒரு நிமிடம் விட்டுப் பார்க்கிறார் நர்ஸ். மாறத் தொடங்கிய செல்களில் உட்கரு பெரிது, புரதமும் அதிகம். சூட்டில் முட்டையின் வெள்ளைக்கரு வெளுப்பதுபோல, அமிலம் பட்டதும் அந்தப் புரதம் உறைந்து, அந்த இடம் வெள்ளைத் திட்டாகத் தெரியும். நல்ல செல்கள் இளஞ்சிவப்பாகவே இருக்கும்.

சரி, வெளுத்தால் புற்றா? இல்லை. வெறும் அழற்சிகூட வெளுக்கும். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-இல் தொடங்கிய ஆய்வில், 30 முதல் 59 வயதுவரையான 31,343 பெண்களைச் சோதித்தார்கள். பத்தில் ஒருவருக்குத் திட்டு தெரிந்தது. அவர்களில் புற்றுநோய் இருந்தவர்கள் மிகச் சிலரே. சந்தேகப்பட வைப்பதோடு ஸ்கிரீனிங்கின் வேலை முடிந்தது. உறுதி செய்வது, கருப்பைவாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கோல்போஸ்கோப்பியும் துளி சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸியும். பயிற்சி பெற்ற நர்ஸ்களே இவற்றைச் செய்தார்கள். தேவைப்பட்டவர்களுக்கு அன்றைக்கே கிரையோதெரபி கொடுத்து, கெட்ட செல்களை உறையவைத்து அழித்தார்கள். 2007-இல் முடிவுகள் வெளியாயின. சோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில், மற்ற ஊர்களைவிட இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வந்த சாவு 35 சதவீதமும் குறைந்திருந்தன. என் கணிப்பில் இதில் பாதிப் பெருமை வினிகருக்கு, மீதி அந்த 'அன்றைக்கே'வுக்கு.

வினிகரை ரொம்பவும் கொண்டாடிவிடவும் முடியாது. பார்ப்பவரின் கண்ணையும் பயிற்சியையும் நம்பியிருக்கும் சோதனை அது. மகாராஷ்டிராவின் உஸ்மானாபாத் மாவட்டத்தில் நடந்த பெரிய ஆய்வில், வைரஸ் இருக்கிறதா என்று ஒரே ஒருமுறை செய்த எச்பிவி சோதனை சாவை ஏறக்குறைய பாதியாக்கியது. வினிகர் சோதனையால் சொல்லும்படியான குறைவு இல்லை. 2021 முதல் உலக சுகாதார நிறுவனமும் எச்பிவி சோதனையையே முதல் தேர்வாகச் சொல்கிறது: 30 வயதில் தொடங்கி, 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை. மாதிரியைப் பெண்கள் தாங்களே எடுத்துக்கொடுக்கலாம் என்பதால் கூச்சமும் குறையும்.

மாதவிடாய் நின்றபின், செல்கள் மாறக்கூடிய பகுதி பெரும்பாலும் உள்ளே தள்ளிப் போய்விடும். வினிகர் தடவினாலும் கண்ணுக்கு எட்டாது. அந்த வயதில் ரத்தம் கண்டால் அது ஸ்கிரீனிங் முகாமுக்குக் காத்திருக்கும் விஷயமே அல்ல. நேராக மகளிர் நோய் மருத்துவரிடம் போய்க் காட்ட வேண்டும்.