ஆயில் ஊத்தியும் எஞ்சின் ஏன் ஜாம் ஆகுது?

"ஆயில் கரெக்டாத்தான ஊத்துனோம் அண்ணாச்சி, பிறகு எப்படி பிஸ்டன் பிடிச்சிச்சு?" தூத்துக்குடி பக்கம் ஃபைபர் போட்டுக்கு ஓபிஎம் (போட் பின்னாடி மாட்டுற அவுட்போர்டு மோட்டார்) வேலை பாக்குற எல்லா மெக்கானிக்குக்கிட்டயும் போட்டுக்காரங்க இந்தக் கேள்விய கேட்டிருப்பாங்க. பல நேரம் அவங்க சொல்றது உண்மையாவும் இருக்கும், கேன்ல ஆயில் இருந்திருக்கு, சிலிண்டருக்குப் போய்ச் சேரல.

டூ ஸ்ட்ரோக் ஓபிஎம்ல கார் எஞ்சினுக்கு இருக்க மாதிரி அடியில ஆயில் சம்ப், அதாவது ஆயில் தேங்குற தொட்டி, கிடையாது. பெட்ரோலோட கலந்து வர்ற ஆயில்தான் கிராங்க் கேஸுக்குள்ள போயி பேரிங், கனெக்டிங் ராடு, பிஸ்டன் எல்லாத்தையும் நனைச்சிட்டு கடைசியில எரிஞ்சு போகுது. அப்போ பெட்ரோல் வரத்து குறைஞ்சா ஆயிலும் சேந்துதான குறையும்? சிலிண்டருக்கு ஒரு கார்பரேட்டர் உள்ள எஞ்சின்ல ஒண்ணோட ஜெட் (பெட்ரோல் வர்ற சின்ன ஓட்டை) மட்டும் கசடு ஏறி பாதி அடைச்சிருச்சுன்னா அந்த சிலிண்டர்ல சூடு ஏறும், ஆயிலும் கிடைக்காது, நீங்க கேன்ல டபுளா ஊத்துனாலும் பிரயோஜனம் இல்ல.

அதனால ஸ்பார்க் பிளக்க கழட்டும்போது வரிசை மாறாம பலகையில வைங்க. எல்லாம் காப்பிக் கலர்ல இருந்தா நல்லது. எல்லாமே கருப்பா பிசுபிசுன்னு ஈரமா இருந்தா ஆயில் கூடுதல், இல்லாட்டி ரொம்ப நேரம் ஸ்லோவுல ஓட்டி வலை போட்டிருப்பீங்க. ஒண்ணு மட்டும் வெளிறி வெள்ளையா இருந்தா கலவைய சந்தேகப்படாதீங்க, அந்த சிலிண்டரோட கார்பரேட்டரையும் கிராங்க் சீல் வழியா காத்து இழுக்குதான்னும் பாருங்க. ஜெட்ட கம்பி விட்டுக் குத்துறத தயவுசெஞ்சு விடுங்க, ஓட்டை பெருசாச்சுன்னா அந்த ஜெட் வீண், கிளீனர்ல ஊறப்போட்டு காத்து அடிச்சாலே போதும்.

அளவு விஷயம் சிம்பிள். 50:1 எஞ்சினா இருந்தா லிட்டருக்கு 20 மில்லி, 20 லிட்டர் கேனுக்கு 400 மில்லி, மண்ணெண்ணெய் மாடலுக்கு அளவு வேற, மேனுவலப் பாருங்க. பாட்டில் மூடியில கணக்குப் பாக்காம அளவு போட்ட குவளை வாங்கிக்கோங்க. பாதி பெட்ரோல் ஊத்தி ஆயில விட்டு நல்லா குலுக்கிட்டு மிச்சத்த ஊத்தணும். "கொஞ்சம் கூடுதலா ஊத்துனா எஞ்சினுக்கு நல்லது"ன்னு ஒரு நெனப்பு இருக்கு, அதுல கார்பன் ஏறி ரிங் ஒட்டிக்கிரும், அதுக்கும் எங்ககிட்டதான் வரணும்.

பைக்குக்கு ஊத்துற டூடி (2T) ஆயில் வேண்டாம். டப்பாவுல டிசி-டபிள்யூ3 (TC-W3)ன்னு போட்டிருக்கணும், அது தண்ணில குளிர்ற எஞ்சினுக்குன்னே சாம்பல் நிக்காத மாதிரி செஞ்சது.

இப்ப பங்க்ல கிடைக்குறது எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் ஈரத்த இழுக்கும், தண்ணி கூடிப்போச்சுன்னா எத்தனாலும் தண்ணியும் தனியா பிரிஞ்சு கேன் அடியில நிக்கும், ஆயில் மேல உள்ள பெட்ரோலோடயே தங்கிரும். டியூப் அடியிலருந்துதான உறிஞ்சுது? ஆயில் இல்லாத அந்தத் தண்ணியத்தான் எஞ்சின் குடிச்சிட்டு ஓடும். புயல் எச்சரிக்கைன்னு போட் பல நாள் கரையில கிடந்துச்சுன்னா கேன்ல உள்ளத கண்ணாடி பாட்டில்ல கொஞ்சம் பிடிச்சு வச்சுப் பாருங்க, அடியில கோடு தெரிஞ்சா அத எஞ்சினுக்குக் குடுக்காதீங்க.

ஆயில் தானா இறங்குற இன்ஜெக்ஷன் மாடல்ல ஆயில் எச்சரிக்கை பஸ்ஸர் அடிச்சா ஒயர பிடுங்கி விடுறவங்களும் இருக்காங்க! ஆயில் டேங்க்ல தண்ணி நிக்குதா, ஃபில்டர் அடைப்பா, லைன்ல காத்துக் குமிழி நிக்குதான்னு பாக்கணும். பம்ப் மேல சந்தேகம்னா 50:1 கலந்த பெட்ரோல தனி கேன்ல மாட்டி ஓட்டுங்க, ஆயில் டேங்க்ல மார்க் போட்டு மட்டம் இறங்குதான்னு கவனிங்க, இறங்கலன்னா பம்ப் வேலை செய்யல.

பிஸ்டன் மாத்துனவங்க முதல் 10 மணி நேரம் 25:1, அதாவது லிட்டருக்கு 40 மில்லி ஊத்தி ஓட்டுங்க, அதுவரைக்கும் ஃபுல் திராட்டில்ல வச்சு விரட்ட வேண்டாம்.