வெயில் கொசுவும் நிழல் கொசுவும்

எங்கள் ஊர் மலேசியாவின் உலு சிலாங்கூர் மலையடிவாரத்தில் ஒரு எஸ்டேட் டவுன். பால்மரக் (ரப்பர்) காலத்தில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கும்போதே கொயினா என்ற மலேரியா மருந்து கொடுப்பார்களாம். தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரசரின் கண்ணெதிரில் விழுங்க வேண்டும், இல்லாவிட்டால் கசப்பு தாங்காமல் ஆட்கள் துப்பிவிடுவார்கள் என்று பாட்டி சொல்வார். குளிர்காய்ச்சல், அதாவது மலேரியா, காட்டிலிருந்து வருகிறது, காட்டை வெட்டினால் போய்விடும் என்பது அன்றைய நம்பிக்கை.

பாதி சரிதான். 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன் காட்டை வெட்டி, சதுப்பு நீரை வடியவிட்டார். மலேரியா மளமளவென்று குறைந்தது. அதே வேலையை மலைச்சரிவுத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடிவிட்டது! காரணம், கொசு ஒன்றல்ல. கடலோரச் சமவெளியில் மலேரியாவைப் பரப்பிய அனாஃபிலஸ் அம்ப்ரோசஸ், மர நிழலில் தேங்கும் நீரில் முட்டையிடும். மலையோர மாகுலேட்டஸுக்கோ வெயில் படும் தெளிந்த ஓடைதான் வேண்டும். மரத்தை வெட்டியதும் ஓடையில் வெயில் விழுந்தது. கொசுவுக்கு நாமே தொட்டில் கட்டிக் கொடுத்த கதை.

அந்தக் கொசுக்களின் புழுவை நீங்களே பார்க்கலாம். ஓடையோரக் குளம்புத் தடத்தில் தேங்கிய நீரை வெள்ளை மங்கில் அள்ளுங்கள். சாக்கடைக் கொசுவின் புழு தலைகீழாகத் தொங்கும். அனாஃபிலஸ் புழு நீர்மட்டத்தை ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடக்கும். இரண்டும் மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். அதனால்தான் ஓடையில் எண்ணெய் தெளித்தார்கள். படலம் மூடிக்கொண்டால் மூச்சு நின்றுவிடும்.

சரி, கொசு கடித்தால் உடனே நோய் தொற்றிவிடுமா? இல்லை. நோயாளியின் இரத்தத்தோடு ஒட்டுண்ணியின் ஆண், பெண் வடிவங்கள் கொசுவின் வயிற்றுக்குள் போய்ச் சேர வேண்டும். அங்கே இணைந்து, குடல் சுவரில் முடிச்சாக வளர்ந்து, வெடித்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்குப் போக ஏறக்குறைய பத்து முதல் பதினான்கு நாள் பிடிக்கும். கொசுவின் ஆயுளே சில வாரம்தான். அது அத்தனை நாள் பிழைத்து, அப்புறம் இன்னொருவரைக் கடித்தால்தான் சங்கிலி தொடரும். சுவரில் மருந்தடிப்பது கொசுவை ஒழிக்க மட்டுமல்ல, அதன் வயதைக் குறைக்கவும்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

மலேசியாவில் 2018 முதல் பல ஆண்டுகள் தொடர்ந்து, மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா உள்ளூரில் ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால் நோலெசி வகை ஆண்டுக்கு ஆயிரக்கணக்கில் வருகிறது. அது குரங்குகளின் மலேரியா. நீண்ட வால் குரங்கின் உடலில் பெரிய தொந்தரவில்லாமல் வாழும். நமக்குள் வந்தால் இருபத்துநான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை பெருகும். அதனால் ஆளை வேகமாகப் படுக்க வைத்துவிடும். மைக்ரோஸ்கோப்பில் இது ‘மலேரியே’ என்ற இன்னொரு சாதுவான ஒட்டுண்ணி வகை போலவே தெரியும். சரவாக்கின் காப்பிட்டில் அப்படித் தவறாகக் கணிக்கப்பட்டுவந்தவர்களை, மரபணுச் சோதனை செய்து 2004இல்தான் நோலெசி என்று வெளிக்கொண்டு வந்தார்கள்.

டுரியான் காலத்தில் எங்கள் ஊர் ஆட்கள் பழம் விழக் காத்து இரவெல்லாம் குடிசையில் படுத்திருப்பார்கள். அந்தியில் குரங்குக் கூட்டம் மேலே மரத்தில் அடையும். நோலெசியைப் பரப்பும் கொசு வெளியில் கடிக்க வருவதும் அந்த நேரத்தை ஒட்டித்தான். வீட்டுச் சுவரில் மருந்தடித்து என்ன பயன்? மாமா இப்போது டுரியான் கூடையோடு கொசுவலையையும் மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போகிறார்.