ஒளி மங்கிய டயல்கள்: பழைய போர் விமானத்தைத் தொடுவதற்கு முன்

இரண்டாம் உலகப் போர்க்காலப் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரிலிருந்து கழற்றப்பட்ட உயரமானி ஒன்றை, எங்கள் பணிமனையைப் பார்க்க வந்தவர் தம் கைக்குட்டையால் துடைத்து, கண்ணருகே வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதன் கண்ணாடி உடைந்திருந்தது. எண்களின் மேல் பூசியிருந்த பழுப்பேறிய சாயம் பொடியாக உதிர்ந்துகொண்டிருந்தது. "இருட்டில் இப்போது ஒளிர்வதில்லை, அதனால் பயமில்லை" என்றார். பழைய போர் விமானங்களை மீட்டமைக்கும் தொழிலில் நான் மிக அதிகமாகக் கேட்கும் தவறான நம்பிக்கை இதுதான்.

இரவில் விளக்கில்லாமலே கருவிகளைப் படிப்பதற்காக, அக்காலத்தில் ரேடியம் என்ற கதிரியக்கத் தனிமமும் துத்தநாக சல்பைடும் கலந்த சாயத்தை டயல்களில் பூசினார்கள். ரேடியத்தின் கதிர்வீச்சு துத்தநாக சல்பைடைத் தாக்க, அது பச்சையாக ஒளிரும். சில பத்தாண்டுகளில் அந்தத் தாக்குதலாலேயே துத்தநாக சல்பைடு சிதைந்து ஒளி அணைந்துவிடும். ரேடியத்தின் அரை ஆயுட்காலமோ, அதாவது அது பாதியாகக் குறைய ஆகும் காலமோ, ஏறத்தாழ 1,600 ஆண்டுகள். ஆகவே, 1940இல் பூசிய ரேடியத்தில் நூற்றுக்கு 95 பங்குக்கு மேல் இன்றும் அப்படியே இருக்கிறது. ரேடியத்திலிருந்து வரும் கதிர்வீச்சில், எளிதில் தடைபடும் ஆல்ஃபா துகள்களை முழுமையான கண்ணாடி தடுத்துவிடும், ஊடுருவிச் செல்லும் காமா கதிர்களைத் தடுக்காது. கண்ணாடி உடைந்த டயலில் அதைவிடக் கவலைக்குரியது, உதிரும் தூசி மூச்சோடும் விரலோடும் உடலுக்குள் போவதுதான். உள்ளே போன ரேடியத்தைக் கால்சியம் போலவே ஏற்றுக்கொண்டு எலும்பு தன்னுள் சேர்த்துவிடுகிறது. இத்தகைய கருவிகள் பலவற்றை மூடிய அலமாரியில் அடுக்கிவைப்பவர்கள், ரேடியம் சிதைவதால் உண்டாகும் ரேடான் என்ற கதிரியக்க வாயு அங்கே தேங்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

ஸ்பிட்ஃபயரைக் கட்டியவர்களை இதற்காகக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. ஆர். ஜே. மிட்செல் வடிவமைத்த முதல் ஸ்பிட்ஃபயர் 1936 மார்ச் 5 அன்று பறந்தது. அடுத்த ஆண்டே அவர் மறைந்துவிட்டார். பின்னர் 20,000க்கும் மேற்பட்டவை கட்டப்பட்டன. போர்க்களத்தில் சில மாதங்கள் தாக்குப்பிடித்தாலே போதும் என்ற கணக்கில் உருவான இயந்திரம், எண்பது ஆண்டுகளுக்குப் பின் எங்கள் கைக்கு வருமென்று யார் நினைத்திருப்பார்கள்? தகடுகளை இணைக்கும் ஆணிகளான மக்னீசியம் கலந்த அலுமினிய ரிவெட்டுகள் வெளியே பளபளப்பாகத் தெரிந்தாலும் உள்ளே நொறுங்கிப்போயிருக்கும். தட்டினால் தலை தனியே கழன்று விழும். இறக்கையைத் தாங்கும் முதன்மை உத்திரம் ஒன்றினுள் ஒன்றாகச் செருகிய சதுரக் குழாய்களால் ஆனது. அவற்றின் இடுக்கில் அரிப்பு புகுந்துவிட்டால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எதுவும் புலப்படாது. "அலுமினியம் துருப்பிடிக்காதே" என்று சொல்பவர்களுக்கு, சாம்பல் நிறப் பொடியாக உதிரும் ஒரு துண்டை எடுத்துக் காட்டுவேன்.

N3200 என்ற எண்ணுள்ள ஸ்பிட்ஃபயரின் கதை இவ்வகையில் நினைவுகூரத்தக்கது. 1940 மே 26 அன்று, பிரான்சின் டன்கர்க் துறைமுகத்திலிருந்து நேச நாட்டுப் படைகள் வெளியேறத் தொடங்கிய வேளையில், அதன் விமானி ஜெஃப்ரி ஸ்டீவன்சன் அதைப் பிரான்சின் சாங்காத் கடற்கரையில் தரையிறக்கிவிட்டுச் சிறைப்பட்டார். மணல் விழுங்கிய அந்த விமானம் 1986இல் தோண்டியெடுக்கப்பட்டது. நெடிய மீட்டமைப்புக்குப் பின் 2014இல் மீண்டும் பறந்து, இன்று இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தைச் சேர்ந்ததாக இருக்கிறது. கடலுப்பு தின்ற உலோகத்தை நம்பி ஒருவரை வானத்துக்கு அனுப்ப முடியாது. எனவே இத்தகைய மீட்டமைப்பில் பெரும்பகுதி புதிதாகவே செய்யப்படுகிறது. அப்படியானால் அது பழைய விமானம்தானா என்ற கேள்விக்கு எங்களுக்குள்ளேயே ஒருமித்த விடை இல்லை.

பணிமனைக்குள் ஒரு விமானம் வந்ததும் முதல் திருகைக் கழற்றுவதற்கு முன்பே, கதிர்வீச்சைக் கண்டறியும் கெய்கர் கருவியால் விமானி அறை முழுவதையும் அளக்கிறோம். கருவிகள் மட்டுமல்லாமல், விசைகளின் முனைகளும் பெயர்ப்பலகைகளும்கூடச் சாயம் பூசப்பட்டிருக்கலாம். புதைந்து கிடந்த விமானமாயின் வெடிக்காத தோட்டாக்கள் இருக்கும் என்றே கருதி, வெடிபொருள் வல்லுநரை வரவழைக்கிறோம். எஞ்சின் பக்கத்து வெப்பத்தடுப்புகளில் மூச்சோடு போனால் நுரையீரலுக்குத் தீங்கான கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) உண்டா என்றும் சோதிக்கிறோம். வீட்டில் இத்தகைய கருவியை வைத்திருப்பவர்கள் அதைத் திறக்கவோ சுரண்டவோ உப்புத்தாளால் தேய்க்கவோ கூடாது. உறையிட்டு மூடி, அடையாளச் சீட்டு ஒட்டி, காற்றோட்டமான இடத்தில் வைத்து, தொட்டபின் கைகழுவ வேண்டும். வேண்டாமென்றால் குப்பையில் போடாமல் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆலோசகரை நாட வேண்டும்.

அந்த உயரமானியை அன்றே இரட்டை உறையிட்டு மூடினோம், கைக்குட்டையையும் சேர்த்துத்தான். விமானத்தில் இப்போதிருக்கும் டயலில் கதிரியக்கமில்லாத சாயமே பூசப்பட்டிருக்கிறது.