இன்ஃபார்ம்டு கன்சென்ட்: ஒப்புதலா, இசைவா?

உளவியல் ஆய்வு நெறிமுறைகளைப் படிக்கத் தொடங்கும் மாணவர் முதலில் சந்திக்கும் சொற்களில் ஒன்று 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்'. ஆய்வில் என்ன செய்யப்போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும், என்ன சங்கடம் வரலாம், நாம் சொல்வதை யார் யார் பார்ப்பார்கள், நடுவில் விலகிக்கொள்ளலாமா என்பதையெல்லாம் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பிறகு யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் 'சரி, கலந்துகொள்கிறேன்' என்று சொல்ல வேண்டும். தெரிந்துகொள்வது பாதி, சம்மதிப்பது மறுபாதி. தமிழாக்கங்களில் பல சமயம் காணாமல் போவது அந்த முதல் பாதிதான்.

'கன்சென்ட்' லத்தீனிலிருந்து வந்தது. 'கொன்' என்றால் சேர்ந்து, 'சென்டீரே' என்றால் உணர்தல். 'இன்ஃபார்ம்' என்பதன் மூலப்பொருள் உருவம் கொடுத்தல். மனத்தில் ஒன்றுக்கு உருவம் கொடுப்பது என்ற வழியில் அது 'தெரிவித்தல்' ஆயிற்று. இரண்டும் பழைய சொற்கள்தான். ஆனால் அவை சேர்ந்த இந்தத் தொடருக்கு வயது குறைவு.

நாஜி மருத்துவர்கள் மீதான வழக்கின் முடிவில், 1947இல் வெளியான நியூரம்பர்க் நெறிகள் பத்து. அவற்றில் முதலாவது, ஆய்வுக்கு உள்ளாகும் மனிதரின் தன்விருப்பமான சம்மதம் கட்டாயம் வேண்டும் என்கிறது. அவருக்குப் போதிய விவரம் தெரிந்திருக்க வேண்டும் என்றும் கேட்கிறது. ஆனால் 'இன்ஃபார்ம்டு கன்சென்ட்' என்ற தொடர் அங்கே இல்லை. அது பெயர் பெற்றது 1957இல், கலிஃபோர்னியாவின் சால்கோ வழக்குத் தீர்ப்பில். பெருந்தமனியைப் படம் எடுக்கும் பரிசோதனைக்குப் பிறகு நோயாளியின் கால்கள் செயலிழந்துபோன வழக்கு அது. ஆபத்தை முன்பே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டாமா என்பதுதான் கேள்வி. சிகிச்சையைப் பற்றிய நீதிமன்றச் சொல் இப்படித்தான் ஆய்வுக்கூடங்களுக்கும் வந்து சேர்ந்தது.

உளவியலில் இந்தச் சொல்லின் கனத்தை உணர்த்தியது யேல் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் 1961இல் தொடங்கிய சோதனைகள். நினைவாற்றலும் கற்றலும் பற்றிய ஆய்வு என்று விளம்பரம் செய்து ஆட்களைச் சேர்த்தார். வந்தவர்கள் 'ஆசிரியர்' ஆனார்கள். அடுத்த அறையில் இருக்கும் 'மாணவர்' தவறாகப் பதில் சொல்லும்போதெல்லாம் மின்னதிர்ச்சி கொடுக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்ட வேண்டும். உண்மையில் அதிர்ச்சி எதுவும் இல்லை, மாணவர் ஆய்வாளரின் ஆள். அதிகாரத்தில் இருப்பவர் சொன்னால் மனிதர் எவ்வளவு தூரம் கீழ்ப்படிவார் என்பதுதான் உண்மையான ஆய்வு. 1963இல் வெளியான முதல் கட்டுரையின்படி, 40 பேரில் 26 பேர் கடைசி அளவான 450 வோல்ட் வரை போனார்கள். வியர்த்தார்கள், நடுங்கினார்கள், உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். தயங்கியவர்களிடம், சோதனைக்கு நீங்கள் தொடர வேண்டியது அவசியம் என்று சொல்லப்பட்டது.

இவர்களில் யாரும் இழுத்து வரப்பட்டவர்கள் அல்லர். எல்லோரும் சம்மதித்துத்தான் வந்தார்கள். ஆனால் சம்மதித்தது ஒன்றுக்கு, நடந்தது வேறொன்று. உளவியலாளர் டயானா பாம்ரிண்ட் 1964இல் இதைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். மில்கிராம் சோதனைக்குப் பிறகு உண்மையைச் சொன்னதாகவும், கலந்துகொண்டவர்களில் பெரும்பாலோர் வருந்தவில்லை என்றும் பதில் தந்தார். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. பின்னால் வருந்தவில்லை என்பது முன்னால் கேட்டதற்கு ஈடாகாது. அதோடு, விலக நினைத்தவரைத் தொடரச் சொல்லித் தூண்டிய அந்த நிமிடத்திலேயே சம்மதம் முறிந்துவிட்டது. கன்சென்ட் ஒரு தடவை கொடுத்தால் முடிந்துபோகிற விஷயம் அல்ல, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம்.

இது பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2012 ஜனவரியில் ஒரு வாரம், 6,89,003 ஃபேஸ்புக் பயனர்களின் பக்கத்தில் வரும் மகிழ்ச்சியான பதிவுகளையோ சோகமான பதிவுகளையோ குறைத்து, அவர்களே என்ன எழுதுகிறார்கள் என்று ஆய்வாளர்கள் பார்த்தார்கள். 2014இல் ஆய்வு வெளியானபோதுதான் உலகத்துக்கே தெரிந்தது. கணக்குத் தொடங்கும்போது ஏற்ற பயன்பாட்டு விதிகளையே சம்மதமாக எடுத்துக்கொண்டார்களாம்! பிறகு அதை வெளியிட்ட ஆய்விதழே இதுபற்றித் தன் கவலையைப் பதிவு செய்தது.

சரி, தமிழில் என்ன சொல்வது? தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரி ஆய்வேடுகளில் 'ஆராய்ச்சி ஒப்புதல் படிவம்', 'சுய ஒப்புதல் படிவம்' என்ற தலைப்புகளைப் பார்க்கலாம். 'சுய' என்பது தன்விருப்பத்தைச் சொல்கிறது, அது நல்லதுதான். ஆனால் தெரிந்துகொண்டாரா என்பது பெயரில் இல்லை. அதை ஈடுகட்ட, 'ஆராய்ச்சி தகவல் தாள்' என்று தனியாக ஒன்றைச் சேர்க்கிறார்கள். இன்னொரு வழக்கு 'தகவலறிந்த ஒப்புதல்'. இலக்கணப்படி பார்த்தால் இங்கே தகவலை அறிந்தது ஒப்புதல், மனிதர் அல்ல! ஆங்கிலத் தொடரின் அமைப்பை அப்படியே எடுத்துக்கொண்டதால் வந்த வினை. 'தகவலறிந்து தரும் ஒப்புதல்' என்றால் அந்தச் சிக்கல் தீரும்.

'ஒப்புதல்' என்ற சொல்லிலும் எனக்குத் தயக்கம் உண்டு. அது ஏற்கெனவே பல வேலை பார்க்கிறது. குற்றத்தை ஏற்பது ஒப்புதல் வாக்குமூலம். மேலிடம் அனுமதிப்பதும் ஒப்புதல்தான். ஆய்வைத் தொடங்க நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தர வேண்டும். ஆக, 'ஒப்புதல் பெறப்பட்டது' என்று ஓர் ஆய்வேட்டில் படித்தால் குழுவிடமா, மக்களிடமா என்று தெரியாமல் போகிறது. குழு சொன்னால் போதும் என்று நினைக்கும் ஆய்வாளருக்கு இது வசதி. கலந்துகொள்பவருக்கு நஷ்டம்.

'சம்மதம்' எல்லோருக்கும் புரியும். வடமொழியில் அதன் பொருள் 'ஒரே கருத்துடைமை'. பேச்சில் அதையே பயன்படுத்தலாம், தடையே இல்லை. எழுத்தில் எனக்குப் பிடித்தது 'இசைவு'. இசைதல் என்றால் பொருந்துதல், மனம் ஒத்து உடன்படுதல். அதிகாரத்தின் வாடை அதில் இல்லை. மேலிருந்து கீழே தருவதாகவோ, குற்றத்தை ஏற்பதாகவோ தொனிக்காது. குழுவுக்கு ஒப்புதல், பங்கேற்பவருக்கு இசைவு என்று பிரித்துவிட்டால் குழப்பமும் இல்லை. முழுத்தொடர்: அறிந்து தரும் இசைவு.

கூடவே 'அசென்ட்' என்ற சொல்லுக்கும் வழி வேண்டும். தானே முழு இசைவு தரும் வயது வராத பிள்ளை 'சரி' என்று சொல்வதுதான் அது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்) 2017இல் வெளியிட்ட நெறிமுறைகளின்படி, சிறுவர்களை ஆய்வில் சேர்க்கப் பெற்றோரின் இசைவு மட்டும் போதாது. 7 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும், 12க்கு மேல் 18 வரை எழுத்திலும் கேட்க வேண்டும். இதற்கு 'உடன்பாடு' பொருந்தும். படிக்கத் தெரியாதவரானால், ஆய்வுக்குத் தொடர்பில்லாத, படிக்கத் தெரிந்த சாட்சி ஒருவர் உடனிருக்க, விவரத்தை வாசித்துக் காட்டிய பிறகே கைரேகை வாங்க வேண்டும்.

அப்புறம், தலைப்பை மட்டும் மாற்றினால் போதாது. நம் படிவங்களில் 'மேற்கண்ட ஆய்வில் பங்கேற்க முழு மனதுடன் ஒப்புதல் அளிக்கிறேன்' என்ற வரிதான் வழக்கம். அதற்கு முன்னால் இப்படி ஒரு வரி சேர்க்கலாம்: 'ஆய்வு எதைப் பற்றியது, என்னிடம் என்ன கேட்பார்கள் என்பதைப் படித்தேன், அல்லது எனக்குப் படித்துக் காட்டினார்கள். கேட்ட கேள்விகளுக்குப் பதில் கிடைத்தது. காரணம் சொல்லாமலே எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று தெரியும்.'