டயர் நெருப்பும் விறகு நெருப்பும்

சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளின் கீழே வெட்டிய மரக்கிளைகள் லாரி லாரியாகப் போகின்றன. காக்கி புக்கிட் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் ஒர்க்‌ஷாப் வாசலில் பழைய டயர்கள் கிடக்கும். இரண்டும் கழிவு, இரண்டும் நன்றாக எரியும். மரம் என்றால் பச்சை எரிபொருள், டயர் என்றால் விஷம் என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் எதை எரிக்கிறோம் என்பதைப் போலவே, எவ்வளவு சூட்டில், எவ்வளவு காற்றோடு எரிக்கிறோம் என்பதும் முக்கியம்.

ஒரு கிலோ டயரில் ஏறக்குறைய 32 மெகாஜூல் ஆற்றல் இருக்கிறது. நிலக்கரி பலவற்றில்கூட அவ்வளவு கிடையாது. ஆனால் டயர் வெறும் ரப்பர் அல்ல. கார்பன் கருப்பு என்ற கரித்தூள், எஃகுக் கம்பி, துத்தநாக ஆக்சைடு, கந்தகம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ரப்பரின் நீண்ட மூலக்கூறுகளைக் கந்தகம் குறுக்கே பாலம் போட்டுப் பிணைத்துவிடுகிறது. சார்லஸ் குட்இயர் 1844இல் காப்புரிமை பெற்ற முறை இது. அந்தப் பாலங்களால்தான் டயர் உழைக்கிறது. அதே காரணத்தால் அதை உருக்கி மறுபடி வார்க்கவும் முடிவதில்லை.

குவியலாகத் தீப்பிடித்தால் பெரும்பாடு. டயர்களின் உள்குழிவுகள் வழியே காற்று போய்க்கொண்டே இருக்கும். மேலிருந்து பீய்ச்சும் தண்ணீர் உள்ளே எட்டாது. கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் 1990இல் பிடித்த தீ 17 நாள் எரிந்தது. அரைகுறையாக வெந்த ரப்பர் எண்ணெயாகக் கசிந்து மண்ணில் இறங்கும். கரும்புகையில் பென்சீனும் புற்றுநோய் உண்டாக்கும் வேறு சேர்மங்களும் இருக்கும்.

சரி, எரிக்காமல் போட்டுவைத்தால்? டயரை நிறுத்தினாலும் படுக்கவைத்தாலும் உள்விளிம்பில் மழைநீர் தங்கும். நிழல், கறுப்புச் சுவர், மேலே விழுந்த இலைகள் என்று ஏடிஸ் கொசுவுக்குத் தேவையான எல்லாம் அங்கே உண்டு. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டியிருக்கும் முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். அடுத்த மழையில் பொரித்து, சுமார் ஒரு வாரத்தில் கொசுவாகிவிடும். டெங்கி உள்ள ஊரில் இது விளையாட்டல்ல.

சிமெண்ட் சூளையில் கதையே வேறு. சுடர் 2,000 பாகை செல்சியஸ் அளவுக்குப் போவதால் கரிமச் சேர்மங்கள் சிதைந்துவிடும். கந்தகத்தைச் சுண்ணாம்பு பிடித்துக்கொள்ளும், கம்பியின் இரும்பு சிமெண்டிலேயே சேர்ந்துவிடும். ஆனால் அப்படிச் சூளை வைக்கச் சிங்கப்பூரில் சுண்ணாம்புக்கல் மலை வேண்டுமே! காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் வழியும் உண்டு. ஆனால் கந்தகம் எண்ணெயிலும் துத்தநாகம் கரியிலும் தங்கிவிடுவதால், கிடைப்பது முதல்தரச் சரக்கல்ல.

மரத்துக்கு வருவோம். பச்சைக் கிளையின் எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை ஆவியாக்குவதிலேயே சூடு செலவாகி, தீ குளிர்ந்து, வாயுக்கள் பாதி எரிந்த நிலையில் புகையாக வெளியேறும். கார்பன் மோனாக்சைடு, நுண்துகள்கள், புற்றுநோய் உண்டாக்கும் பென்சோபைரீன் என்று மரப்புகையும் லேசுப்பட்டதல்ல. புகைமூட்டக் காலத்தில் நாம் மூச்சு முட்டியதும் தாவரங்களும் கரிநிலமும் கனன்ற புகையில்தான்.

சில்லுகளாக்கி, உலர்த்தி, போதிய காற்றுள்ள கொதிகலனில் இட்டால் இதே கிளை ஒழுங்காக எரியும். கரையோரப் பூந்தோட்டங்களில் வெட்டிய கிளைகளை எரித்து, அந்த ஆற்றலைக் கண்ணாடிக் குடில்களைக் குளிர்விக்கப் பயன்படுத்துகிறார்கள். புகைபோக்கி அங்குள்ள சூப்பர்ட்ரீ என்னும் செயற்கை மரக் கோபுரம் ஒன்றுக்குள் ஒளிந்திருக்கிறது. கிளை எப்படியும் மக்கி கார்பனை வெளியே விட்டிருக்கும் என்பதால் இங்கே கணக்குச் சரி. எரிக்கவென்றே காட்டை வெட்டினால் அந்தக் கணக்கு ஒத்துவர பல பத்தாண்டுகள் ஆகும்.

இன்னொன்று: டயரின் கார்பனிலும் ஒரு பங்கு மரத்தினுடையதுதான். ரப்பர் தரும் பால்மரத்தைப் பட்டுப்போகாமல் வெட்டும் முறையைத் தாவரவியலாளர் ஹென்றி ரிட்லி நம் தாவரவியல் பூங்காவில்தான் உருவாக்கினார். மலாயாத் தோட்டங்களில் நம் தாத்தா பாட்டிகள் வெட்டிய பாலும் அப்படித்தான் வந்தது. லாரி டயரில் இயற்கை ரப்பர் கூடுதல். கார் டயரில் பெட்ரோலிய ரப்பரின் பங்கு அதிகம்.

கடைசியில் மிஞ்சுவது சாம்பல். சுத்தமான கிளையின் சாம்பலில் பொட்டாசியமும் கால்சியமும் இருப்பதால் செடிக்கு உரமாகும். பெயின்ட் அடித்த பலகையோ செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஏற்றிய பழைய மரமோ கலந்துவிட்டால் அந்த நச்சு உலோகங்கள் சாம்பலில் தங்கிவிடும், உரமாகப் போட முடியாது. நம் எரியாலைச் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் நிலநிரப்பும் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள்.